ரெண்டுன்னு சொல்லாத களம்

எங்க வீட்டுல ஒரு பீயெஸ்ஸியேஜி இருந்தான். பேரு சீனிச்சாமி. என் கூடப்பெறந்த தம்பி. அனுமந்தன்பட்டியில விவசாயத்தைக் காலேஜுக்குப் போயிப் படிச்சிட்டு வந்தது அன்னைக்கு அவன் ஒருத்தந்தேன். ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போனப்புறம் அவனை வளத்தது நானு, இருளம்மா. எம்புருசனும் போயிச் சேந்தாச்சு, புள்ளகுட்டி கெடையாது. எனக்குன்னு இருந்தது அந்தக் கிறுக்குப்பயலும் கொஞ்சம் நஞ்சையுந்தேன்.

அவன் படிச்சு முடிச்சு வந்து எறங்குன அன்னைக்கே ஊருல கேலி ஆரம்பிச்சிருச்சு. "எந்தப் பட்டம்ப்பா வாங்கியாந்திருக்க, ஆடிப்பட்டமா தைப்பட்டமா?"ன்னு கேட்டுச் சிரிச்சாக. விதைக்கிற பருவத்துக்கும் பட்டம்னுதேன் பேரு, படிச்சு வாங்குறதுக்கும் பட்டம்னுதேன் பேரு. கோவணம் கட்டிக்கிட்டுச் செய்யிற வேலையைக் கால்சட்டை போட்டுக்கிட்டுப் படிக்கணுமாக்கும்னு கேட்டவுகளும் உண்டு. நான் விடுவனா? "ஒங்க வீட்டுல எவனாவது அந்தக் கால்சட்டைக்குள்ள காலை விட்டிருக்கானா, சொல்லு"ன்னு கேட்டு வாயை அடைச்சேன்.

வருசம் ஓட ஓட எனக்கே வாய் அடைஞ்சு போச்சு. அவன் படிச்சு முடிக்கவும் நெல்லு வெலை மண்ணு வெலையா விழுகவும் சரியா இருந்துச்சு. சர்க்காரு ஆளெடுக்குறதை நிப்பாட்டிருச்சு. மலைக்கு மேல ஏலக்காய் எஸ்டேட்டுல போயிக் கேட்டான். அங்கன இருந்த தொரை, "கணக்கு எழுதுவியா, டைப் அடிப்பியா, கூலியாளைக் கட்டி மேய்ப்பியா?"ன்னு கேட்டாராம். சக்கரை ஆலையில மிசினு தெரியுமான்னாக. கூட்டுறவுச் சங்கத்துல யாவாரம் தெரியுமான்னாக. மண்ணைத் தெரியும், பூச்சியைத் தெரியும், வெதையைத் தெரியும்னு இவன் சொல்லிருக்கான். அதை எவன் கேட்டான்?

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பயிருக்கு வேண்டியதுக்கா. பயிரு எனக்குச் சம்பளம் குடுக்குமா?"ன்னு ஒரு நா சோத்துத் தட்டுக்கு முன்னால ஒக்காந்து கேட்டான். பொண்ணு கேட்டுப் போற எடத்துலயெல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னுதேன் மொதக் கேள்வி. நம்ம நஞ்சையில சும்மா வெள்ளாமை பாக்குறான்னா, அதுக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்புன்னு ரெண்டாங் கேள்வி.

அப்பத்தேன் காலேஜுக்காரக முழிச்சுக்கிட்டாக. படிச்ச பயலுக பூராம் வேலையில்லாம திரியிறான், படிப்பையே மாத்தணும்னு பேசி, பழசைக் கொஞ்சம் வெட்டி, புதுசு கொஞ்சம் சேத்தாக. பண்ணையை நடத்துறது எப்பிடி, சந்தையில விக்கிறது எப்பிடி, செலவு போக லாபம் காட்டுறது எப்பிடி. முன்னாடி படிச்சவுகளும் திரும்பி வந்து கொஞ்ச நாளு அந்தப் புதுப்பாடத்தைப் படிச்சுக்கிறலாம்னு சொல்லிட்டாக. படிச்சாப் போதாது. அடுத்தவுக நெலத்துல தனியா நின்னு ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டணும். அந்த நெலத்தோட களத்துலயே, ஆபீசர் கண்ணு முன்னாடி நெல்லை அளக்கணும். வெளியில இருந்து ஒரு கூடை நெல்லு வந்து கலந்துறப்படாதுல்ல, அதுக்கு. செலவு போக லாபம் நின்னாச் சர்டிபிகேட்டு. அது கையில இருந்தா எஸ்டேட்டுலயும் ஆலையிலயும் மேனேசரு வேலைக்கு எடுத்துக்கிறோம்னு தொரைமாரு ஒத்துக்கிட்டாகளாம்.

சீனிக்கு வயசு வரம்பு அந்த வருசத்தோட முடியுது. இதை விட்டா அம்புட்டுத்தேன். போயிப் படிச்சிட்டு வந்தான். வந்தவன் வாயத் தொறந்தா லாபம், லாபம், லாபந்தேன். எருக்குழியப் பாத்தாலும் லாபம், ஏத்தத்தைப் பாத்தாலும் லாபம். "ஏலே, நான் ஒனக்குப் போடுற சோத்துல என்ன லாபம்னு அதையும் போட்டுச் சொல்லு"ன்னேன். சிரிச்சான். அவன் அப்பிடிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

நெலம் குடுத்தது உத்தமபாளையத்து உமர் பாருக் ராவுத்தரு. அரிசி யாவாரம், வெள்ளாமையும் உண்டு. எங்கப்பன் காலத்துல இருந்து பழக்கம். நான் அவரை அண்ணேன்னுதேன் கூப்புடுவேன். எங்க ஊருக்கும் உத்தமபாளையத்துக்கும் எடையில, வாய்க்காலை ஒட்டி ஒரு பண்ணை நெலத்தை அவரு கம்மி வெலைக்கு வாங்கிப் போட்டிருந்தாரு. நல்ல கரிசல் வண்டல். அப்பேர்ப்பட்ட நெலம் ஏன் கம்மி வெலைக்கு வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். அவரும் மறைக்கலை. எங்களை ஒக்கார வச்சு, வீட்டு அம்மா ஷரீபா பீவி டீத்தண்ணி கொண்டாந்து வச்சிட்டுப் போனதும், அவரே எடுத்துச் சொன்னாரு.

"நெலத்துல ஒரு கொறையும் இல்லை தங்கச்சி. களத்துலதேன் கொறை. குத்தகைக்கு எடுத்தவுக பூராம் கதிரைக் கட்டிக்கிட்டு வேற களத்துக்குப் போயித்தேன் அடிக்கிறாக. அங்கன நின்னு ஒருத்தரும் அளக்குறதில்லை. தம்பி அங்கனதேன் அளந்தாகணும்னா யோசிச்சுக்கங்க."

இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கிறணும். எங்க பக்கத்துல நெல்லு அளக்கையில மொத மரக்காலை 'ஒண்ணு'ன்னு சொல்ல மாட்டாக. 'லாபம்'னு சொல்லித்தேன் கொட்டுவாக. அதுக்கப்புறந்தேன் ரெண்டு, மூணுன்னு போகும். ஒண்ணேயொண்ணுன்னு ஆயிறக் கூடாது, பெருகணும்னு ஒரு இது. எல்லாக் களத்துலயும் உள்ளதுதேன்.

அந்தப் பண்ணையோட பழைய ஆண்டை இருந்தானே, அவன் அந்த வார்த்தையிலயே ஒரு சூட்சமம் கண்டுபுடிச்சான். லாபம்னு சொல்லி அளக்குறது ஆண்டை சாக்குக்கு. ரெண்டுல இருந்துதேன் பாடுபட்டவுக பங்கு ஆரம்பம். அவன் என்ன செய்வான், லாபம்னு ஒரு மரக்கா கொட்டுவான். அடுத்ததுக்கும் லாபம்பான். அதுக்கடுத்ததுக்கும் லாபம். ஏன் சாமின்னு கேட்டா, கேட்டவுகளுக்கு அடுத்த வருசம் நெலம் கெடையாது. குமிஞ்சு கெடந்த நெல்லு கரைஞ்சு, அடி மண்ணு தெரியுறப்பத்தேன் ரெண்டும்பான். கூட்டி அள்ளுன கருக்காயும் மண்ணும் பாடுபட்டவுக சாக்குக்குப் போகும்.

மொக்கம்மான்னு ஒருத்தி. புருசன் செத்து அவளே ஒத்தையில நின்னு அங்கன வெளைச்சல்ல பங்குன்னு பேசி வாரத்துக்குப் பயிரு வச்சவ. ஒரு மாசி மாசம், சாக்கு வாயை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நெல்லு அம்பாரத்துக்கு முன்னால வந்து நின்னாளாம். "ரெண்டு சொல்லுங்க சாமி"ன்னாளாம். அவன் லாபம்னான். அவ அழுகலை, கையெடுத்துக் கும்பிடலை. விரிச்ச சாக்கோட நின்ன எடத்துலயே நின்னா. வெயிலு ஏறி எறங்குற வரைக்கும் நின்னு, நின்ன வாக்குலயே விழுந்து போயிட்டா. அன்னைக்கு அளவு முடியவே இல்லையாம். ஆண்டைக்கு வாயில ரெண்டு வரலை. வீட்டுக்குப் போயும் வரலை. சோத்தை உருட்டி வாயில வைக்கிற ஒவ்வொரு உருண்டைக்கும் லாபம், லாபம்னு சொல்லிக்கிட்டே கெடந்து அவனும் போயிச் சேந்தான். வாரிசுக நெலத்தை வித்துட்டு ஊரை விட்டே போயிட்டாக.

"எங்க மார்க்கத்துல இதையெல்லாம் நம்பக் கூடாதும்பாக. ஆனா நானே ஒருக்கா அங்கன அளந்து பாத்தேன். அதுக்கு மேல கேக்காதீக"ன்னு முடிச்சிட்டாரு ராவுத்தரு.

எனக்கு அப்பவே எந்திரிச்சு வந்துறலாம்னு இருந்துச்சு. சீனி நகரலை. "அண்ணே, எனக்கு வேற நெலம் கெடைக்குமா?"ன்னு கேட்டான். அவரு தலையை ஆட்டுனாரு. ஒரு வெள்ளாமையை ஒரு படிச்ச பயலை நம்பி விடுறதுக்கு வேற எவன் இருக்கான்? அன்னைக்கே கை குடுத்துட்டு வந்துட்டான்.

பயிரு வந்துச்சு பாருங்க, சும்மா சொல்லக் கூடாது. எந்தம்பிங்கிறதுக்காகச் சொல்லலை, அந்தப் பள்ளத்தாக்குல அப்பிடி ஒரு நெல்லை நான் பாத்ததில்லை. நாத்தை எடம் விட்டு நட்டான். தண்ணியைக் கட்டி, வடிச்சு, திரும்பக் கட்டுனான். என்னமோ ஒரு பச்சைத் தழையை மிதிச்சான். கேலி பேசுனவுக எல்லாம் வரப்புல வந்து நின்னு வாயைப் பொளந்தாக. "இருளம்மா, ஒந்தம்பி மேனேசர் ஆயிருவான்"னு சொல்லிட்டுப் போனாக. எனக்கு நெஞ்சு குளுந்து கெடந்துச்சு.

நெல்லு மேலதேன் எல்லாரு கண்ணும். களத்துப் பக்கம் ஒருத்தரும் தலை வச்சுக்கூடப் படுக்கலை. அறுப்புக்கு முன்னாடி களத்தைச் செதுக்கிச் சாணி போட்டு மெழுகணும். கூலிக்குக் கூப்பிட்டா மேலு வலிக்கிது, காலு வலிக்கிதுன்னு ஆளாளுக்குச் சாக்குச் சொன்னாளுக. சரித்தேன் போங்கடின்னு நானே கொடமும் வெளக்கமாறுமாப் போனேன்.

நல்ல உச்சி வெயிலு. ஒரு குருவி இல்லை அங்கன. மத்தக் களத்துல பழைய மணி ஒண்ணு ரெண்டு கெடந்தாக் கூடக் குருவி வந்து அப்பிக்கிரும். இங்கன புளியமரத்துல உக்காந்திருக்குக, கீழ எறங்கலை. நான் சாணியைக் கரைச்சு ஊத்தி மெழுகிக்கிட்டே போனேன். நடு எடத்துக்கிட்ட வந்தப்ப ஒரு சாண் அளவுக்கு மண்ணுல சாணி ஒட்டலை. தண்ணி ஊத்துனா சட்டுன்னு காஞ்சு போகுது. பக்கத்துலயே இன்னொண்ணு. அதுலயும் ஒட்டலை. தள்ளி நின்னு பாத்தேன். ரெண்டு பாதம். அம்பாரம் குமிக்கிற பக்கம் பாத்து, ஒரு பொம்பளை நிக்கிற மாதிரி ரெண்டு பாதம்.

"ஆத்தா, எங்கள ஒண்ணும் செஞ்சிறாத. நாங்க அந்த ஆளுக கெடையாது"ன்னு சொல்லிட்டுக் கொடத்தை அங்கனயே போட்டுட்டு வந்துட்டேன். சீனிகிட்டச் சொன்னேன். "அது உப்பு பூத்த மண்ணுக்கா, ஈரம் நிக்காது"ன்னான். படிச்ச வாயி. எதுக்கும் ஒரு காரணம் வச்சிருக்கும்.

அறுப்பு முடிஞ்சு, அடிச்சு, தூத்தி, மாசி மாசம் நல்ல வெயில் நாளா பாத்து அளவுக்கு நாள் குறிச்சாக. ஆபீசர் ஜீப்புல வந்து எறங்குனாரு. கோட்டு, தொப்பி. பேச்சுல நல்ல மனுசன். புளியமரத்து நெழல்ல நாற்காலி போட்டு ஒக்கார வச்சோம். அம்பாரத்தைப் பாத்ததும் எந்திரிச்சுப் போயி ஒரு கை அள்ளிப் பாத்தாரு. "சீனிச்சாமி, இந்த ஒரு பொலி போதும். நீங்க பாஸ் பண்ணிட்டீங்கன்னே வச்சுக்குங்க. அளவு ஒரு சடங்குதான்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ராவுத்தரும் சிரிச்சாரு. ஆனா அவரு நின்னது களத்துக்கு வெளிய.

அளக்க வந்தது சுருளியாண்டி. கம்பத்துக்காரரு. எங்க ஊருக் கதை அவருக்குத் தெரியாதுன்னுதேன் அவரைக் கூட்டியாந்தது. தெக்க பாத்துக் கும்பிட்டுட்டு மரக்காலை நெரப்பி, மேல குமிஞ்சதை வழிச்சுத் தலை தட்டி, "லாபம்"னு சத்தமாச் சொல்லிச் சாக்குல கொட்டுனாரு. எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த மரக்காலை நெரப்புனாரு.

"லாபம்"னாரு.

ரெண்டொருத்தர் சிரிச்சாக. ஞாவக மறதின்னு நெனச்சாக. மூணாவது மரக்காலுக்கும் லாபம்னாரு. நாலாவதுக்கும் லாபம். சிரிப்பு நின்னு போச்சு. அவரு மொகத்துல ஒரு மாத்தமும் இல்லை. வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, வேலை மும்முரத்துல லாபம், லாபம்னு கொட்டிக்கிட்டே போனாரு. ஆபீசர் கையைத் தட்டி நிப்பாட்டுனாரு. "என்னய்யா, கணக்கு நகரவே மாட்டேங்குது?"

சுருளியாண்டி முழிச்சாரு. "ஒம்போது வந்திருச்சே சாமி. நல்லாத்தான எண்ணிச் சொல்லுறேன். காதுல விழுகலையா?"

அவரு பொய் சொல்லலை. அவரு காதுல ஒம்போது விழுந்திருக்கு. எங்க காதுல விழுந்தது பூராம் லாபம். சுத்தி நின்ன கூட்டம் ஓரமா நகண்டுச்சு. அதைப் பாத்து அவருக்கும் என்னமோ பட்டுருச்சு போல. மரக்காலைக் கீழ வச்சிட்டுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, கூலி கூடக் கேக்காம ரோட்டைப் பாத்து நடந்துட்டாரு.

ஆபீசர் அசரலை. வாய்ல வாற எண்ணிக்கையை விடுங்க, கல்லு வச்சு எண்ணிக்குவோம்னாரு. கூழாங்கல்லைக் குமிச்சு நாற்காலிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. எங்க பங்காளி முத்துக்கருப்பனை வம்படியா இழுத்துட்டு வந்து மரக்காலைக் குடுத்தோம். அவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அளந்தான். ஒவ்வொரு மரக்காலுக்கும் ஆபீசர் ஒரு கல்லை எடுத்துக் கால்கிட்ட வச்சாரு. எடுத்து வச்சதை நானே பாத்தேன். நாலு சாக்கு நெறைஞ்சு வாயக் கட்டி ஓரமா வச்சாச்சு. ஆபீசர் குனிஞ்சு பாத்தாரு.

கால்கிட்ட ஒரே ஒரு கல்லு கெடந்துச்சு. குமிச்சு வச்ச கல்லு குமிச்சபடியே இருந்துச்சு.

அவரு தொப்பியைக் கழட்டி மடியில வச்சாரு. அப்புறம் தணிஞ்ச கொரல்ல, "சீனிச்சாமி, இங்க வாங்க"ன்னாரு. நான் பக்கத்துலதேன் நின்னேன். "இது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பலை. சாக்கை எண்ணி ஒரு மதிப்புப் போட்டுக்கிறேன். நீங்களே மரக்காலை எடுங்க. லாபம்னே சொல்லிச் சாக்கை ரொப்பி முடிச்சிருங்க. எனக்கு வேண்டியது செலவு போக என்ன லாபங்கிறது மட்டும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

இதை விட என்ன வேணும்? சர்டிபிகேட்டு கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. "ஏலே, சொல்றாகல்ல, போயி அள்ளு. லாபம்னு சொல்லி அள்ளி முடி"ன்னு நாந்தேன் அவன் முதுகுல கையை வச்சுத் தள்ளுனேன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதேன் சொல்லுவேன். எனக்கு எந்தம்பி பெருசு.

சீனி போயி மரக்காலை எடுத்தான். நெரப்புனான். தலை தட்டுனான். "லாபம்"னு சொல்லிச் சாக்குல கொட்டுனான். நல்ல கணீர்னு வந்துச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. அடுத்ததையும் நெரப்பிட்டான். நெரப்புன மரக்காலைத் தூக்குனவன் அப்பிடியே நின்னுட்டான். எதுத்தாப்புல பாத்தான். வெறும் எடந்தேன். நான் மெழுகப் போயிச் சாணி ஒட்டாமப் போச்சே, அந்த எடம்.

"சீனி, சொல்லுடா"ன்னேன்.

அவன் என்னைப் பாக்கலை, ராவுத்தரைப் பாத்தான். "அண்ணே, இது ஒங்க நெல்லு. நீங்க சொல்லுங்க."

ராவுத்தரு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அன்னைக்கு மொத தடவையாக் களத்துக்குள்ள வந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "நான் அளந்தப்ப லாபம்னு சொல்லியே முடிச்சு வீட்டுக்கு ஏத்திட்டுப் போனேன் தம்பி. ஒரு வேளை கூடத் தொண்டையில எறங்கலை. பூராத்தையும் ஆத்துல கொட்டுனேன். அடுத்தவுக பங்கு கலந்த நெல்லு எனக்கு ஆகாது. ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி."

ஆபீசர் கையில பேனா இருந்துச்சு. வாய்க்கா தண்ணி ஓடுறது மட்டும் கேட்டுச்சு. "லாபம்னு சொல்லுடா, ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுறேன்"ன்னு நான் கெஞ்சுனேன். அவன் வாய் தெறந்துச்சு.

"ரெண்டு"ன்னான்.

சொல்லிட்டு, எதுத்தாப்புல இருந்த வெறும் எடத்துல மரக்காலைக் கவுத்தான். கொட்டுன நெல்லு தரையில செதறலை. இடுப்பு ஒசரத்துல எதுலயோ விழுந்த மாதிரி சொரசொரன்னு கேட்டுச்சு. கோணிச்சாக்குல நெல்லு விழுகுற சத்தம் எனக்குத் தெரியாதா? பெறந்ததுல இருந்து கேக்குற சத்தம். விழுந்த நெல்லு கண்ணுக்குத் தெரியலை.

அப்புறம் அவன் நிப்பாட்டவே இல்லை. மூணு, நாலுன்னு தங்கு தடையில்லாமப் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் நல்லாத் தலை தட்டி, மணி கீழ சிந்தாம அந்த எடத்துல கவுத்தான். அம்பாரம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கட்டி வச்ச சாக்கையும், லாபம்னு கொட்டுன சாக்கையும் அவுத்துக் கொட்டி அளந்தான். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. போயி மரக்காலைப் புடுங்கிறணும்னு நெனக்கிறேன், காலு எடுத்து வைக்க வரலை. அவன் மேலயா, அவ மேலயா, அந்தச் செத்துப் போன ஆண்டை மேலயா, யாரு மேல கோவம்னு எனக்கே தெரியலை.

கடேசி மரக்காலும் கவுத்தாச்சு. புளியமரத்துல இருந்த குருவிகள்ல ஒண்ணு எறங்கி வந்து களத்துல கொத்த ஆரம்பிச்சுச்சு.

ஆபீசர் கடுதாசியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "இந்தத் தாலுகாவுல இப்படி ஒரு மகசூலை யாரும் எடுத்ததில்லை சீனிச்சாமி. எண்ணிக்கை என் காதுல விழுந்துச்சு, அதை எழுதிட்டேன். ஆனா லாபம்ங்கிற எடத்துல நான் என்ன எழுத? களத்துல நெல்லு இல்லையே." ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. போறப்ப அவன் தோளைத் தொட்டுட்டுத்தேன் ஜீப்புல ஏறுனாரு.

கூட்டம் கலைஞ்சு போச்சு. ராவுத்தரும் அவன்கிட்ட என்னமோ மெதுவாப் பேசிட்டு வண்டியைப் பூட்டச் சொன்னாரு. பொழுது மேக்கு மலைக்கிட்ட எறங்கிருச்சு. நான் அழுது ஓஞ்சு போயி எந்திரிச்சேன். மரக்காலை மடியில வச்சுக்கிட்டு அவன் களத்து நடுவுல குந்திருந்தான்.

"எந்திரிடா, வீட்டுக்குப் போவோம். போனது போச்சு"ன்னேன்.

"நீ முன்னால போக்கா. இவுகளுக்குச் சொல்லி அனுப்பிட்டு வாறேன்."

"எவுகளுக்குடா? அதேன் அவ வாங்கிட்டுப் போயிட்டால்ல?"

"மொக்கம்மா போயிருச்சு. அதுக்குப் பின்னால சாக்கை விரிச்சுக்கிட்டு நின்னவுகளச் சொல்லுறேன்."

நான் திரும்பிப் பாத்தேன். ஒருத்தரும் இல்லை. வெயிலு சாஞ்ச களமும் தாளு நின்ன வயலுந்தேன். "எத்தனை பேருடா?"ன்னு கேட்டேன்.

அவன் கண்ணு மட்டும் மெதுவா நகண்டுச்சு. களத்து ஓரத்துல இருந்து வரப்புக்குப் போச்சு, வரப்புல இருந்து வாய்க்காலுக்குப் போச்சு, வாய்க்காலைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போயி அங்கன நின்னுச்சு.

"இத்தனை பேருக்கும் அளந்து குடுக்க நெல்லுக்கு எங்கடா போவ?"

"அடுத்த வெள்ளாமையில வரச் சொல்லுறேன். அப்பவும் முடியலைன்னா அதுக்கடுத்ததுல. ராவுத்தரண்ணே சரின்னுட்டாரு."

"அப்ப ஒன் வேலை? எஸ்டேட்டு, ஆலை, எதுக்கும் போக மாட்டியா?"

"நீ ஆசைப்பட்டபடி வேலை கெடைச்சிருச்சுல்லக்கா. ஆயுசுக்கும் இருக்கு"ன்னான். மலையைப் பாத்துக்கிட்டேதேன் சொன்னான்.